ஆச்சிக்கும் ஒரு துண்டு சாக்லேட் கேக்

பிறந்த நாள் என்றால் இப்போதெல்லாம் கேக் இல்லாமல் முடிவதில்லை. காலையில் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், மத்தியானம் பாயசத்தோடு சாப்பிட்டாலும், சாயங்காலம் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, கேக் வெட்டினால்தான் குழந்தைகளுக்குத் திருப்தி. அதிலும் சாக்லேட் கேக் என்றால் கேட்கவே வேண்டாம்!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் மகளின் முதல் பிறந்த நாளிலிருந்து வருஷா வருஷம் கடையில் சொல்லி கேக் வாங்கி விடுவோம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கூடி நின்று பாட்டுப் பாடும். என் மாமியார் மட்டும் அடுக்களை வாசல்படியிலேயே நிற்பார். அத்தை சுத்த சைவம். முட்டை பட்ட பாத்திரத்தைக் கூடத் தொட மாட்டார். குழந்தை முதல் துண்டை எடுத்துக்கொண்டு, "ஆச்சி, ஆ காட்டுங்க!" என்று ஓடும். "நீ தின்னு கண்ணு, ஆச்சிக்கு வயித்துக்கு ஒத்துக்கிடாது" என்பார்.

முட்டை சேர்க்காத கேக்கும் கடையில் கிடைக்கிறதே என்று ஒரு வருஷம் அதையே வாங்கி வந்தோம். அத்தை சிரித்தார். "அடுப்பும் அதேதானே, தட்டும் அதேதானே? எனக்கு மனசு ஒப்பல. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுபது வருஷப் பழக்கம்.

ஆறாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருந்தபோது என் மகள் திடீரென்று கேட்டாள்: "அம்மா, ஆச்சி வயித்துக்கு ஒத்துக்கிற கேக்கு ஒண்ணு கூட கிடையாதா?"

நமக்குத்தான் பதில் வரவில்லை! அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தத் தடவை கேக் நம் வீட்டு அடுப்பில்தான் என்று.

முதலில் கெட்டது இரண்டு

அடுக்களையில் பன்னிரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது, இதென்ன பிரமாதம் என்றுதான் இறங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பவுடர் இருந்தது; அதையே அள்ளிப் போட்டேன். நன்றாக உப்பி வரட்டும் என்று சமையல் சோடாவைக் கண்ணளவில் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். கேக் உப்பியது உண்மை. ஆனால் நிறம் வெளுத்து, வாயில் வைத்தால் சோப்பு வாடை! இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கேட்டார்.

இரண்டாவது ஞாயிறு சோடாவைக் குறைத்தேன். வெந்துவிட்டதா, வெந்துவிட்டதா என்று நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். நடுவில் குழி விழுந்து, கேக் அப்பளம் போல அமுங்கிவிட்டது.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர். டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டு கேக் வாசனை எங்கள் தெருக்கோடி வரை வரும். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"ஏம்மா, குழம்புக்குப் புளி கூடிப் போனா என்ன செய்வே?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தண்ணி விட்டு, வெல்லம் போட்டுச் சரிக்கட்டுவேன்."

"கேக்குல அது முடியாதும்மா. அடுப்புல ஏத்திட்டா அப்புறம் கையே வைக்க முடியாது. அதனால ஏத்துறதுக்கு முன்னாலயே எல்லாம் சரியா இருக்கணும். கைப்பக்குவம் எல்லாம் ரசத்துக்கு வச்சுக்கோ. கேக்குக்கு மருந்து கலக்குற மாதிரி அளவு!"

இந்த ஒரு பேச்சுதான் எனக்குப் பாடம். அளவு கப்பும் அளவு ஸ்பூனும் அன்றைக்கே வாங்கினேன். அதோடு ஒரு புது கேக் தட்டும்.

ஏன் கெட்டது?

டீச்சரம்மா விளக்கியதை நம் வாசகியருக்காக இங்கே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் பிறகு பயம் இல்லை.

கொக்கோ பவுடர் வேறு, பாலில் கலக்கும் சாக்லேட் பவுடர் வேறு. பின்னதில் பெரும்பங்கு சர்க்கரைதான். கேக்குக்கு வேண்டியது இனிப்புச் சேர்க்காத கொக்கோ பவுடர். கொக்கோ விதையை வறுத்து அரைத்து, அதிலுள்ள கொழுப்பைப் பிழிந்து எடுத்தபின் மிஞ்சும் சக்கையைப் பொடித்ததே இது. இப்படிப் பிழியும் முறை 1828-ல் நெதர்லாந்தில் வந்தது. அதற்கு முன் சாக்லேட் என்பது பெரும்பாலும் குடிக்கிற பானம்தான். இப்போது கொக்கோ நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவே விளைகிறது.

அடுத்தது சோடா. சமையல் சோடா தனியாக நின்றால் கேக்கில் காரமாகத் தங்கி, சோப்பு வாடை அடிக்கும். அதற்கு ஒரு புளிப்பு துணை வேண்டும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரண்டும் கலந்து காற்றுக் குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழிகள்தான் முட்டை செய்கிற வேலையைச் செய்து கேக்கை எழுப்புகின்றன. ஆனால் கலந்த நிமிஷமே குமிழி வர ஆரம்பித்துவிடும். ஆகவே மாவைக் கலந்து வைத்துவிட்டு டெலிபோன் பேசப் போகக் கூடாது!

மூன்றாவது, மூடி. வேகும் மாவுக்குள் குமிழிகளைச் சுற்றிச் சுவர் கட்டி இறுகுவதற்குள் சூடு இறங்கினால், அந்தச் சுவர் இடிந்து நடுவில் குழி விழும். முதல் அரை மணி நேரம் மூடியைத் தொடவே கூடாது.

முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லாத இந்தக் கேக் புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. 1930-களில் அமெரிக்காவில் வேலையும் பணமும் இல்லாமல் ஜனங்கள் தவித்த காலத்திலும், பின்னால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், இவை வாங்க முடியாத வீடுகளில் பெயர் பெற்ற கேக் இது. அங்கே பற்றாக்குறையில் செய்தது, இங்கே நம் சைவ வீடுகளுக்கு வரப்பிரசாதமாகிவிட்டது.

குக்கரில் சாக்லேட் கேக்

தேவையானவை:
மைதா மாவு – 1½ கப்
சர்க்கரை – 1 கப்
இனிப்பில்லாத கொக்கோ பவுடர் – 4 டேபிள்ஸ்பூன்
சமையல் சோடா – 1 டீஸ்பூன் (தலைதட்டி)
உப்பு – ¼ டீஸ்பூன்
வாசனையில்லாத எண்ணெய் – ⅓ கப்
வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு – 1 டேபிள்ஸ்பூன்
வெனிலா எசென்ஸ் – 1 டீஸ்பூன்
வெந்நீர் – 1 கப்
(1 கப் என்பது 240 மில்லி.)

செய்முறை: ஐந்து லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் கனமான குக்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குக்கராக இருந்தால் நல்லது. வெயிட்டையும், மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் கழற்றிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது; ஆபத்து. உள்ளே தண்ணீர் விட வேண்டாம். அடியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு வளையத்தையோ தட்டையோ வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிஷம் சூடாக்குங்கள். இந்த உப்பை எடுத்து வைத்து அடுத்த கேக்குக்கும் உபயோகிக்கலாம், சமையலுக்கு ஆகாது.

7 அங்குலத் தட்டின் உள்ளே எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள். தட்டு குக்கரின் பக்கங்களைத் தொடாமல் இறங்க வேண்டும்.

மைதா, சோடா, உப்பு மூன்றையும் இரண்டு தடவை சலியுங்கள். இன்னொரு பாத்திரத்தில் கொக்கோ பவுடரையும் சர்க்கரையையும் போட்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். வெந்நீர் பட்டால்தான் கொக்கோவின் மணம் முழுக்க வெளிவரும். பெரியவர்களுக்கான கேக் என்றால் வெந்நீரில் இரண்டு டேபிள்ஸ்பூனைக் குறைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு நம் ஃபில்டர் டிகாக்‌ஷனை விட்டுப் பாருங்கள். காப்பி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட் ருசி தூக்கலாக இருக்கும்.

கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எண்ணெய், எசென்ஸ் சேர்த்து, சலித்த மாவைப் போட்டு மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். தோசைமாவு போல அடித்து அடித்துக் கலக்கினால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். கடைசியாக வினிகரை விட்டு நாலு சுற்று சுற்றி, உடனே தட்டில் ஊற்றிக் குக்கருக்குள் இறக்குங்கள். தட்டில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது.

மூடி, தீயைச் சிறியதாக்குங்கள். 45 நிமிஷம் ஆனதும் ஒரு தென்னை ஈர்க்கை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஈரமாக இருந்தால் இன்னும் 5 நிமிஷம் விடுங்கள். மின்சார அவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் முன்னதாகச் சூடேற்றி 30 முதல் 35 நிமிஷம் வைக்கலாம். பத்து நிமிஷம் ஆறியபின் கவிழ்த்து, முழுக்க ஆறிய பிறகே துண்டு போட வேண்டும்.

மேலே பூச

விசேஷ நாளுக்குப் பளபளவென்று மேல்பூச்சு வேண்டாமா? 150 கிராம் கறுப்பு சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். 100 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் சிறு குமிழி வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் அதன்மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து மெதுவாகக் கலக்கினால் பட்டுப்போல வரும். தனியாகச் சாக்லேட்டை உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது திரிந்து கட்டியாகிவிடும். பாத்திரமும் கரண்டியும் உலர்ந்திருக்கட்டும்.

சாக்லேட் வாங்கும்போது அட்டையைப் படித்து வாங்குங்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கோ வெண்ணெய் சேர்த்ததே அசல். அது நம் உடம்புச் சூட்டுக்கே, சுமார் 34 டிகிரியில், உருகிவிடும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். கோடையில் கையிலேயே கரைவதும் அதனால்தான்! 'காம்பவுண்ட்' என்று போட்டிருந்தால் அதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, வெயிலையும் தாங்கும், ஆனால் ருசி ஒரு படி கீழேதான்.

சிக்கனமாக முடிக்க வேண்டுமா? கொக்கோ பவுடர் 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ½ கப், சோளமாவு 1 டீஸ்பூன் மூன்றையும் ½ கப் பாலில் கரைத்து, சிறு தீயில் கெட்டியாகும் வரை கிளறி, 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்டு இறக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கேக்கின் மேல் ஊற்றிவிட வேண்டும்.

கேக் உடைந்துவிட்டதா? கவலை வேண்டாம். உதிர்த்து, இந்தச் சாஸைக் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டினால் சாக்லேட் உருண்டை. கல்யாண நாளுக்கோ புது வருஷத்துக்கோ வருகிற விருந்தாளிக்கு, கண்ணாடிக் கிண்ணத்தில் உதிர்த்த கேக் ஒரு அடுக்கு, ஆறிய கஸ்டர்டு ஒரு அடுக்கு என்று வைத்துக் குளிரவைத்துக் கொடுங்கள். உடைந்த கேக் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் செய்தது என்பதால் அளவில்லாமல் கொடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். கேக்கைப் பன்னிரண்டு துண்டு போட்டால், மேல்பூச்சு இல்லாமலே துண்டுக்குச் சுமார் நாலு டீஸ்பூன் சர்க்கரை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பண்டங்கள் வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் ஆலோசனை. முதல் பிறந்த நாள் குழந்தை கேக் வெட்டட்டும். சாப்பிடுவதற்கு அதற்கு மசித்த வாழைப்பழம் போதும். கொக்கோவில் கொஞ்சம் காஃபீனும் உண்டு. பெரிய குழந்தைகளுக்கும் தூங்கப் போகும் நேரத்தில் கொடுக்க வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்கு மேல்பூச்சு இல்லாத சின்னத் துண்டு, அதுவும் அவர்கள் மருத்துவர் சொல்லுக்கு உட்பட்டு.

மேல்பூச்சு இல்லாத கேக்கை மூடிய டப்பாவில் இரண்டு நாள் வெளியே வைக்கலாம். கிரீம் பூசியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம்

மூன்றாவது ஞாயிறு கேக் ஒழுங்காக வந்தது. பிறந்த நாளன்று செய்யும்போது அத்தை தானாகவே அடுக்களைக்குள் வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மைதாவைச் சலித்ததையும் எண்ணெயை அளந்ததையும் ஒன்று விடாமல் பார்த்தார். "தட்டு புதுசா?" என்று கேட்டார். "ஆமாம் அத்தை, உங்களுக்காகத்தான் வாங்கினேன்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. வினிகர் விட்டதும் மாவு நுரைத்து வந்தபோது, "அட, ஆப்ப மாவு மாதிரில்லா பொங்குது!" என்றார்.

சாயங்காலம் வழக்கம்போல் பாட்டு, மெழுகுவர்த்தி. என் மகள் முதல் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அடுக்களை வாசலுக்கு அல்ல. ஆச்சி அன்றைக்குக் கூடத்தில், மேஜை பக்கத்திலேயே நின்றிருந்தார். வாயைத் திறந்தார். மென்று முடிக்கும் வரை எனக்கு மூச்சே வரவில்லை.

"கொஞ்சம் கசக்குது... ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னொரு துண்டு, சின்னதா வெட்டு" என்றார்.

என் மகள் வாசலில் இருந்த டீச்சரம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: "டீச்சர் ஆச்சி! எங்க ஆச்சிக்கு வயிறு சரியாயிடுச்சு!"