ஒரே தோற்றம், வேறு வேறு நூல்கள்

ஆல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் கரையாத புரதப் படிவுகள் காணப்படுகின்றன. அமிலாய்டு எனப்படும் இவை மெல்லிய நூல்களால் ஆனவை. ஒரு நூலின் பருமன் சுமார் 10 நானோமீட்டர். அதாவது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ 8,000-ல் ஒரு பங்கு.

பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களிலும் நூல் வடிவானவை உண்டு. 1963-ல் ஹோஃப்ஷ்னைடர் விவரித்த எம்13 அவற்றுள் ஒன்று. பருமன் 6 முதல் 7 நானோமீட்டர். நீளம் சுமார் 900 நானோமீட்டர். இது ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தாக்கும். மனிதச் செல்களைத் தாக்காது.

மாணவ நண்பர்களே, இந்த இருவகை நூல்களும் கலந்து கிடந்தால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எப்படிப் பிரித்தறிவீர்கள்?

முதலில் நீளத்தை அளந்து பாருங்கள். வைரஸின் நீளத்தை அதனுள் உள்ள டி.என்.ஏ. நிர்ணயிக்கிறது. எனவே எம்13 நூல்கள் பெரும்பாலும் ஒரே நீளமுடையவை. அமிலாய்டு நூலுக்கு அந்த வரையறை இல்லை. குட்டையாகவும் இருக்கும், நெட்டையாகவும் இருக்கும்.

எக்ஸ் கதிர்கள் இன்னும் உறுதியான சான்று தருகின்றன. அமிலாய்டில் புரத இழைகள் நூலுக்குக் குறுக்காக, ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டுள்ளன. படிகளின் இடைவெளி சுமார் 4.7 ஆங்ஸ்ட்ராம். 1968-ல் ஈன்ஸ், கிளென்னர் ஆகியோர் இவ்வமைப்பைக் கண்டனர். எம்13-ன் உறையிலோ சுமார் 2,700 புரத மூலக்கூறுகள் உள்ளன. சுருள்வில்போல் சுருண்ட இவை, ஏறத்தாழ நூலின் நீளவாட்டில், மீன் செதில்களைப்போல் படிந்திருக்கின்றன.

சரி, ஒரு படிவில் இரண்டும் அருகருகே காணப்பட்டால், வைரஸ்தான் படிவை உண்டாக்கியது எனலாமா? அவசரப்படாதீர்கள்! டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பேக்கா சாலமன் குழுவினர், எலிகளின் மூளைக்கு எதிர்ப்புரதத்தைச் சுமந்து செல்லும் வாகனமாக எம்13-ஐப் பயன்படுத்தினர். எதிர்ப்புரதம் ஏற்றாத வெறும் வைரஸும் படிவைக் குறைத்தது! பாக்டீரியாவைப் பற்ற உதவும் அதன் நுனிப் புரதமே அமிலாய்டையும் பற்றுகிறது என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இவ்வழியில் வந்த மருந்து எதுவும் இன்னும் நடைமுறையில் இல்லை.

ஆகவே, படிவின் அருகே உள்ள வைரஸ் அதை உண்டாக்கியிருக்கலாம், அதில் ஒட்டியிருக்கலாம், அதைக் கரைத்துக் கொண்டும் இருக்கலாம். தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், விழச் செய்தது காக்கைதானா? வைரஸைச் சேர்த்தும் சேர்க்காமலும் சோதனை செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே விடை சொல்ல வேண்டும்.