நெஞ்சு விரிய எந்தப் பயிற்சி?



சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். செம்பனைக் குலை வெட்டுபவன்; வயது பத்தொன்பது. சட்டையைத் திறந்து காட்டினான். நெஞ்சின் குறுக்கே நீலம் பாய்ந்திருந்தது.

இரும்புக் குழாயின் இரு முனையிலும் சாய டின்களை மாட்டி, சிமிந்தி ஊற்றிப் பளு செய்திருக்கிறான். பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தனியாகத் தூக்கும்போது கை ஓய்ந்து, குழாய் நெஞ்சில் இறங்கிவிட்டது. வேலைக்காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய தாய், சத்தம் கேட்டு ஓடி வந்து அதைப் புரட்டித் தள்ளியிருக்கிறார். கொஞ்சம் மேலே விழுந்திருந்தால் கழுத்து!

"நாள் முழுக்க வேலை செய்றேன் சார். கை ஏறுது, முதுகு ஏறுது. நெஞ்சு மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றான்.

அவன் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. மார்புத் தசையின் முக்கிய வேலை, மேற்கையை உடம்புக்கு முன்னால் கொண்டு வருவதும், எதிரில் உள்ளதைத் தள்ளுவதும்தான். தோட்ட வேலையோ பெரும்பாலும் இழுப்பதும் தூக்குவதும். குலையை அரிவாளால் இழுக்கிறோம். தூக்கி வண்டியில் போடுகிறோம். வண்டியைத் தள்ளும்போதுகூட கை நீட்டியபடியே இருக்கும், உந்துவது கால். கடையில் விற்கும் ஸ்பிரிங்கை நெஞ்சுக்கு முன்னால் பிடித்து விரித்தாலும், பலன் பெறுவது முதுகும் தோளின் பின்பக்கமும்தான்.

ஆகவே, ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பளுவை எதிர்த்துத் தள்ளுகிறேனா? பளுவைச் சிறுகச் சிறுகக் கூட்ட முடியுமா? கை ஓய்ந்தால் ஆபத்தில்லாமல் நிறுத்த முடியுமா?

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் தருவது நம் பழைய தண்டால். 1910-இல் லண்டன் சென்று உலக மல்லர்களை அறைகூவிய காமா பயில்வானின் அன்றாடப் பயிற்சியில் தண்டாலும் பஸ்கியும் முக்கிய இடம் பெற்றிருந்தன. அவர் எடுத்தது உடம்பை வளைத்து எழும் தண்டால். நமக்கு நேராக இறங்கி ஏறும் தண்டாலே போதும். அதில் நம் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன.

கைகளைத் தோள் அகலத்துக்குச் சற்று வெளியே ஊன்றுங்கள். உடம்பு பலகை போல் நேராக இருக்கட்டும். முழங்கைகளைச் சிறகு போல் விரிக்காமல், விலாவுக்குச் சற்றுத் தள்ளி மட்டும் வையுங்கள். தோள் மூட்டு நோகாது. இரண்டு எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்கி, நெஞ்சு தரையை நெருங்கியதும் எழுங்கள்.

தரையில் முடியாதவர்கள் ஆடாத பெஞ்சில் கையூன்றித் தொடங்கலாம். ஒழுங்காக இருபது முறை வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். பெஞ்சுக்குப் பின் தரை. தரைக்குப் பின் காலைப் பெஞ்சில் தூக்கி வைத்து எடுப்பது. அதற்கும் மேலே, முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. மாதக்கணக்கில் அதே இருபதை எடுத்தால் தசை பழகிவிடும், வளராது. அடி மேல் அடி வைத்தால்தான் அம்மியும் நகரும்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு சுற்று. இடையில் இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்ற நிலையில் சுற்றை நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். தசை வளர்வது ஓய்வில்தான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதமாகும்.

பட்டணத்து உடற்பயிற்சி நிலையத்தில் பெஞ்சில் படுத்துப் பளு தூக்குவதும் சிறந்த பயிற்சியே. ஆனால் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். தனியாக வேண்டவே வேண்டாம்.

இனி உணவு. என் மாணவன் சம்பளத்தில் இருநூறு வெள்ளியை மாவு டின்னுக்குக் கொடுத்திருந்தான். அந்த டின்களில் பெரும்பாலும் இருப்பது பாலிலிருந்து பிரித்த புரதமே. 60 கிலோ எடையுள்ள வாலிபர் தசை வளர்க்க, நாளொன்றுக்கு 90 முதல் 100 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம். சாடின், நெத்திலி, கோழி, பருப்பு எல்லாம் நம் அடுப்பங்கரையிலேயே இருப்பவை.

ஓர் எச்சரிக்கை: பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, மூச்சுத் திணறலோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வாலிபர்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

பெற்றோர்களே, கண்ணாடி முன் நிற்கும் மகனை, "வேலையில்லாத வேலை" என்று ஏசாதீர்கள். ஏசினால் ஒளிந்து செய்வான். ஒளிந்து செய்யும்போதுதான் குழாய் விழுகிறது. அஞ்சடியில் ஆறடி இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

என் மாணவன் அந்தச் சிமிந்தி டின்களை இப்போது பூஞ்செடிகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். மாலையில் அவன் தண்டால் எடுக்க, அவன் தாய் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளியபடி எண்ணுகிறார். பதினெட்டுக்கு அப்புறம் அவன் அவசரப்பட்டால், "அது கணக்கில்லை" என்று சொல்லிவிடுகிறாராம்!