பல்லுக்குக் கம்பி கட்டினால் போதுமா?

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், வளரும் பிள்ளைகளின் கோணற்பற்களை நேராக்கக் கம்பி கட்டுவது இன்று வழக்கமாகி வருகிறது. பல்லின் மேல் சிறு பிடிகளை ஒட்டி, அவற்றினூடே கம்பியைச் செலுத்தி, பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் பல்வரிசை சீராகிறது. பணமும் காலமும் செலவிட்டுப் பெறும் அவ்வரிசை, கம்பியை அவிழ்க்கும் நாளில் வெண்புள்ளிகள் படிந்து தோன்றுமானால் யாருக்கு மகிழ்ச்சி?

கம்பிதான் பல்லை அரிக்கிறது எனச் சிலர் அஞ்சுகின்றனர். அது சரியன்று, அரிப்பது அமிலமே. வாயில் வாழும் நுண்கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்க, அது பல்லின் மேற்பூச்சாகிய எனாமலின் சுண்ணச்சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அச்சத்தை மீண்டும் ஊட்டி ஈடுசெய்ய முயல்கிறது. கம்பி கட்டிய வாயிலோ, கிருமிப்படலம் தங்குவதற்குப் பல இடுக்குகள் உண்டாகின்றன. பிரஷும் எளிதில் எட்டுவதில்லை. படலம் நீங்காவிடின், ஒரு மாதத்திற்குள்ளேயே பிடியைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றக்கூடும். தொடக்கத்தில் கவனித்தால் அது ஓரளவு மங்கும். விட்டுவிட்டால் நிலைத்த வடுவாகும், அல்லது சொத்தையாகும்.

இருப்புப்பாதைப் பணியிலுள்ள நாம் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. தண்டவாளம் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பினும், தாங்கும் கட்டை உளுத்திருந்தால் அதன் மேல் வண்டியை விட இயலாது. பல்லும் அத்தகையதே.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர்க்கு உதவின. ஆயினும் குச்சியோ, விரலால் தேய்க்கும் பல்பொடியோ கம்பியின் அடியில் நுழையா. மென்மையான பிரஷைக் கம்பிக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் சாய்த்துத் துலக்க வேண்டும். இடுக்குகளுக்கென விற்கும் சிறு பிரஷையும் நுழைத்தெடுக்க வேண்டும். உறையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அளவில் குறிக்கப்பட்ட பற்பசை ஏற்றது. காலையிலும் இரவிலும் துலக்குதல் இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் துலக்குவதே முதன்மையானது. ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்துவோர் உளர். பெரும்பாலும் அழுக்கு தங்குவதாலேயே ஈறு வீங்குகிறது. ஆதலின் மென்மையாகத் துலக்குவதைத் தொடர்ந்து, மருத்துவரிடமும் காட்டுதல் நலம்.

இனிப்பின் அளவைக் காட்டிலும், எத்தனை முறை உண்கிறோம் என்பதே பெரிது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை மணி நேரம் அமிலம் வேலை செய்கிறது. ஆதலின் உணவோடு சேர்த்து உண்டு, உடனே வாய் கொப்பளிப்பது நன்று.

கோடை விடுமுறையே நம்மவர்க்குச் சோதனைக் காலம். இரண்டு இரவுகள் வண்டியில் துலக்காமலே கழிகின்றன. ஊரிலோ பாட்டியின் அன்பு முறுக்காகவும் கடலைமிட்டாயாகவும் பெருகுகிறது. கடினமான முறுக்கு பிடியைப் பெயர்க்கும். மிட்டாய் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் குறித்த நாளும் தவறிப்போகிறது. ஆதலின் பயணச்சீட்டுப் பதியும்போதே மருத்துவரிடம் நாளைக் கேட்டறிக. பிரஷும் பற்பசையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பாட்டிக்கும் முன்னரே செய்தி சொல்லிவிடுக. இட்லியும், பதமாகக் கனிந்த வாழைப்பழமும் அவர் அன்பைக் குறைத்துவிடா.

வாரம் ஒருமுறை பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் செய்து பாருங்கள். பிடியைச் சுற்றி வெண்மை கண்டால் அடுத்த மாதத்திற்கெனத் தள்ளிவைக்க வேண்டா. அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.