குருதியின் செம்மை

வகுப்பில் ஒரு மாணவன் சோர்ந்து அமர்ந்திருக்கிறான். விளையாட்டுத் திடலில் சிறிது ஓடினாலும் மூச்சு வாங்குகிறது. 'சோம்பேறி' என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார். ஆயின், குறை அவன் மனத்தில் இல்லாமல் குருதியில் இருக்கவும் கூடுமன்றோ?

குருதி வெறும் சிவப்பு நீரன்று. அதில் பாதிக்கு மேற்பட்டது பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் நீர். அந்நீரில் மூவகை அணுக்கள் மிதக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. தட்டணுக்கள் 1½ லட்சம் முதல் 4½ லட்சம் வரை. இவை எலும்பு மஜ்ஜையில் தோன்றுகின்றன.

வெள்ளையணுக்கள் உடலின் காவலர். அவற்றுள் சில நோய்க்கிருமிகளை விழுங்கும். சில எதிர்ப்பொருளை உண்டாக்கும். காயம் பட்ட இடத்தில் ஒன்றுகூடி அடைப்பவை தட்டணுக்கள். டெங்குக் காய்ச்சலில் மருத்துவர் எண்ணிப் பார்ப்பது இவற்றையே.

சிவப்பணுவோ சுமைகாரன். இருபுறமும் குழிந்த தட்டுப் போன்றது. முதிர்ந்தபின் உட்கரு இல்லாதது. ஏறக்குறைய 120 நாள் உழைத்து மடிவது. ஒவ்வொரு சிவப்பணுவிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இடங்களில் இரும்பு அமைந்திருக்கிறது. அவ்விரும்பே நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றி, உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. குருதியின் செம்மைக்கும் அதுவே காரணம். இம்மூலக்கூற்றின் வடிவை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து கண்ட மாக்ஸ் பெரூட்ஸ், 1962ல் நோபல் பரிசை ஜான் கெண்ட்ரூவுடன் பகிர்ந்துகொண்டார்.

ஹீமோகுளோபின் குறைவதே சோகை. 5 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 100 மில்லிலிட்டர் குருதியில் அது 11.5 கிராமுக்குக் குறைந்தால் சோகை எனக் கொள்வர். உணவில் இரும்பு குறைவதால் அது வரும். வெறுங்காலின் வழியே புகுந்து குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும் கொக்கிப்புழுவாலும் வரும். சிவப்பணுக்களைச் சிதைக்கும் மலேரியாவாலும் வரும். தலசீமியா என்பதோ பெற்றோர் வழி வருவது. இரும்பு மாத்திரையால் அது தீராது. ஆதலின் கண்ணிமை வெளுப்பைக் கண்டவுடன் மாத்திரை வாங்கிக் கொடுப்பது தகாது. முதலில் குருதிச் சோதனை வேண்டும்.

ஈரல், இறைச்சி, கீரை, பருப்பு ஆகியவை இரும்பு தருவன. உணவோடு எலுமிச்சை, கொய்யா சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்கு உடலிற் சேரும். தேநீர் சேர்ந்தால் குறையும்.

சோர்ந்த பிள்ளையின் முகத்தை ஒருமுறை உற்றுநோக்கிப் பெற்றோரிடம் சொல்லும் ஆசிரியர், பத்துக் கண்டனங்களால் ஆகாததைச் செய்தவராவார்.