கண் சிமிட்டும் டெலிபோன்

உங்கள் வீட்டில் ராத்திரி நேரத்தில் மின்னல் அடிக்கிறதா? வானத்தில் அல்ல, படுக்கை அறைக்குள்ளே, தலையணைக்குப் பக்கத்து ஸ்டூலின் மேல்? அப்படியானால், மழை வரப்போகிறதென்று மொட்டை மாடிக்கு ஓடி வடாம் துணியைச் சுருட்ட வேண்டாம். யாரோ உங்கள் செல்போனுக்குச் சேதி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான்!

எங்கள் வீட்டில் இந்த மின்னல் ஒரு மாதம் விடாமல் அடித்தது. அதை நான் எப்படி அடக்கினேன், அடக்கிய பிறகு என்ன பாடுபட்டேன் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

என் மாமியாருக்கு வயது எழுபத்து நான்கு. எல்.கே.ஜி. படிக்கும் எங்கள் பையன் பாட்டி அறையில்தான் படுப்பான். அவருடைய போன் எப்போது பார்த்தாலும் ஸ்டூலின் மேல் குப்புறப் படுத்திருக்கும். "கண்ணாடி கீறிவிடும், அத்தை. நிமிர்த்தி வையுங்கள்" என்று நானும் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். "இருக்கட்டும்மா" என்பார்; மறுபடியும் குப்புறவே வைப்பார்.

எங்கள் உறவினர்கள் எல்லோரும் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே! அதில் தூக்கம் வராத பெரியப்பா ஒருவர் உண்டு. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு ரோஜாப்பூவும், ஆவி பறக்கும் காப்பித் தம்ளருமாக 'காலை வணக்கம்' அனுப்புவார். அந்த வணக்கத்துக்குப் பத்துப் பதில் வணக்கங்கள் வரும். ஒவ்வொரு வணக்கத்துக்கும் எங்கள் வீட்டுக் கூரையில் பளிச், பளிச்! பையன் எழுந்து உட்கார்ந்து கை கொட்டுவான். அவனை மறுபடி தூங்க வைப்பதற்குள் பால் பாக்கெட் வந்துவிடும்.

ஒரு நாள் மாமியார் குளிக்கப் போயிருந்த சமயம், போனை எடுத்து அந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

மேலே கதையைச் சொல்வதற்கு முன், அந்த இரண்டு நிமிஷ வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று வகை வெளிச்சம்

போனில் கண் சிமிட்டும் வெளிச்சம் மூன்று வகை.

முதலாவது, போனின் நெற்றியில் கடுகளவு மினுக்கும் சின்ன விளக்கு. பிளாக்பெர்ரி போனில் சிவப்பாக மினுக்கியதே, நினைவிருக்கிறதா? திரை போனின் முகம் முழுவதும் பரவத் தொடங்கியதும் இந்த விளக்குக்கு இடமில்லாமல் போயிற்று. சாம்சங் கம்பெனியார் 2019-ல் வெளியிட்ட எஸ்-10 போனில் இதை எடுத்தே விட்டார்கள். ஆனால் பழைய போன் வைத்திருப்பவர்கள் வீட்டில் இன்னும் மினுக்கிக் கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது, போட்டோ பிடிப்பதற்காகப் பின்புறம் வைத்திருக்கும் பிளாஷ் விளக்கு. கூரையில் மின்னல் அடிப்பது இதுதான். ஐபோனில் இந்த வசதி 2011-ல் வந்தது.

மூன்றாவது, திரை முழுவதுமே ஒரு நிறத்தில் பளிச்சிடுவது. 2023-ல் வந்த ஆண்ட்ராய்ட் 14-ல், பின்புற விளக்கு, திரை வெளிச்சம் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. திரை வெளிச்சத்துக்கு மஞ்சள், நீலம் என்று நிறம்கூட நாமே பொறுக்கலாம், புடைவைக் கடையில் பொறுக்குவது போல!

அணைப்பது எப்படி?

ஐபோன் வைத்திருப்பவர்கள் 'செட்டிங்ஸ்' என்ற பகுதிக்குள் போய், 'ஆக்ஸஸிபிலிட்டி' என்பதைத் தொடுங்கள். அதற்குள் 'ஆடியோ, விஷுவல்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் 'பிளாஷ் பார் அலர்ட்ஸ்' என்ற வரிக்கு எதிரே உள்ள பொத்தானைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

சாம்சங் போனில் 'ஆக்ஸஸிபிலிட்டி'க்குள் 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்'. அதற்குள் 'பிளாஷ் நோட்டிபிகேஷன்'. காமிராவுக்கு ஒரு பொத்தான், திரைக்கு ஒரு பொத்தான் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, 'இன்னும் அடிக்கிறதே!' என்று திகைக்க வேண்டாம்.

மற்றக் கம்பெனிப் போன்களில் இந்தப் பொத்தான் ஆளுக்கு ஓர் இடத்தில் ஒளிந்திருக்கும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் உச்சியில் தேடுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'பிளாஷ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பெரும்பாலும் அதுவே அழைத்துப் போய்விடும். அங்கும் அகப்படவில்லையென்றால், நாம் நம்பர் போட்டுப் பேசும் ஆப்பின் செட்டிங்ஸில் பாருங்கள். சில போன்களில் 'மணி அடிக்கும்போது பிளாஷ்' என்பது அங்கேதான் இருக்கிறது. நெற்றியில் மினுக்கும் சின்ன விளக்குக்கு உரிய பொத்தானோ, 'நோட்டிபிகேஷன்ஸ்' பகுதியில் 'பிளிங்க் லைட்' போன்ற பெயரோடு இருக்கும்.

இவ்வளவு செய்தும் மின்னல் ஓயவில்லையா? வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதற்கென்றே தனியாக ஓர் ஆப்பை இறக்கி வைத்திருப்பார்கள். அதை நீக்கிவிடுங்கள். அதனுடன் வந்த விளம்பரத் தொல்லையும் ஒழியும்.

இன்னொரு சங்கதி. போனை 'ஸைலண்ட்'டில் போட்டால் சத்தம்தான் நிற்கும். வெளிச்சமும் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஐபோனில் ஸைலண்டின்போதும் பிளாஷ் அடிக்கட்டுமா என்று கேட்கும் தனிப் பொத்தானே உண்டு. மார்கழிக் கச்சேரியில் பாடகர் கண்ணை மூடி ஆலாபனை செய்யும் நேரத்தில், முன் வரிசை மாமியின் கைப்பையிலிருந்து மின்னல் வெட்டுவது இதனால்தான். மாமி பாவம், 'ஸைலண்ட்டில்தானே போட்டேன்!' என்று நிம்மதியாகத் தாளம் போட்டுக் கொண்டிருப்பார்.

இரவு வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கண்ணை மூடிக்கொண்டால் வெளிச்சம் என்ன செய்யும்?' என்று கேட்கலாம். இமை திரைச்சீலை மாதிரிதான்; முழுக்க மறைக்காது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் 2016-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தூங்குகிறவர்களுக்கு எதிரே பத்து விநாடிக்கு ஒரு தரம் கண நேர ஒளியை ஒரு மணி நேரம் காட்டினார்களாம். உடம்புக்குள் இருக்கும் தூக்கக் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி பின்னால் தள்ளிப் போயிற்று! நம் போன் அவ்வளவு ஒழுங்காகச் சிமிட்டுவதில்லை. ஆனாலும் தேவை இல்லாத வெளிச்சம் படுக்கை அறையில் எதற்கு? வீட்டில் வெளிச்சத்தைக் கண்டால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருந்தால் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன்.

மூன்று நாள் மௌனம்

என் நாத்தனார் கோயமுத்தூரில் இருக்கிறாள். தினம் பிற்பகல் மூன்று மணிக்குத் தன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவாள். நானும் என் கணவரும் அந்த நேரத்தில் ஆபீஸில் இருப்போம். அது தாய்க்கும் பெண்ணுக்கும் உரிய நேரம்.

நான் வெளிச்சத்தை அணைத்த பிறகு, மாமியார் கொஞ்சம் கொஞ்சமாக வாடிப் போனார். சாப்பாடு பாதி. பேச்சு கால் பங்கு. "உடம்புக்கு என்ன, அத்தை?" என்றால், "ஒன்றுமில்லையம்மா" என்பார். வெயிலாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

நாலாம் நாள் ஆபீஸில் எனக்கு நாத்தனாரிடமிருந்து டெலிபோன்.

"அண்ணி, அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம்? மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், எடுக்கவே இல்லையே!"

"கோபமா? நீதான் கூப்பிடவில்லை என்று அவர் ஏங்கிக் கொண்டிருக்கிறாரோ என்னவோ?" என்றேன்.

சிறிது நேரம் பேச்சைக் காணோம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணி, அந்தப் போனில் வெளிச்சம் அடிக்கிறதா?"

எனக்குச் சுருக்கென்றது.

"நான்தான் அணைத்தேன். ராத்திரி குழந்தை விழித்துக் கொள்கிறான் என்று..."

"அதை நான்தான் வைத்துக் கொடுத்தேன், அண்ணி. அம்மாவுக்கு மணிச் சத்தம் கேட்பதில்லை. உங்களிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கிக் கொண்டாள்."

போன் ஏன் எப்போதும் குப்புறக் கிடந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிளாஷ் விளக்கு பின்புறம் இருக்கிறது. குப்புற வைத்தால்தான் வெளிச்சம் கூரைக்குப் போகும். அறையின் எந்த மூலையில் இருந்தாலும் தெரியும். நிமிர்த்தி வைத்தால் ஸ்டூல் அதை விழுங்கிவிடும். கண்ணாடி கீறும் என்று எழுபத்து நாலு வயதுக்காரருக்கு நான் பாடம் சொல்லிக் கொண்டிருந்தேன்!

அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் அத்தை என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"என்னவென்று சொல்ல? வேலைக்குப் போகிற பெண், வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டுமென்றால் உனக்குச் சலிக்காதா? நீ எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு விடுவேன். டெலிபோனுக்கு உதடு ஏது அம்மா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டெலிபோன்காரரின் மனைவி

இந்த இடத்தில் ஒரு பெரிய வீட்டுக் கதையும் சொல்ல வேண்டும். டெலிபோனுக்கு 1876-ல் பேடண்ட் வாங்கிய அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். அவருடைய தாயாருக்குக் காது மந்தம். 1877-ல் அவர் மணந்துகொண்ட மேபல், அவரிடம் படித்த மாணவி. ஐந்து வயதுவாக்கில் வந்த விஷ ஜுரத்தில் செவிப்புலனை அடியோடு இழந்தவர். பிறர் பேசுவதை உதட்டைப் பார்த்தே அறிந்துகொள்வார். ஆக, உலகத்துக்கே டெலிபோன் தந்தவரின் மனைவிக்கு டெலிபோன் மணி கேட்காது!

அந்தக் காலத்து டெலிபோன் மணிதான் அடிக்கும். இந்தக் காலத்து டெலிபோன் கண்ணும் சிமிட்டும். 'ஆக்ஸஸிபிலிட்டி' என்ற தலைப்பில் இந்தப் பொத்தானை வைத்ததன் காரணமும் அதுதான். அது அலங்காரத்துக்காக வைத்ததல்ல. காது கேளாதவர்களுக்காக வைத்தது. நாம்தான் அதை விளையாட்டாக முடுக்கிவிட்டு, தொந்தரவு என்று திட்டுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு

வெளிச்சத்தை மறுபடி போட்டுவிட்டேன். மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான்! அவர் சம்மதத்துடன் உறவினர் குழுவை மட்டும் மௌனமாக்கினேன். வாட்ஸப்பில் அந்தக் குழுவைத் திறந்து, 'ம்யூட்' என்பதைத் தொட்டு, 'எப்போதும்' என்று கொடுத்தேன். பெரியப்பாவின் ரோஜாப்பூ இப்போதும் வருகிறது, ஓசையில்லாமல், ஒளியில்லாமல். மாமியார் விடிந்த பிறகு சாவகாசமாகப் பார்த்துக் கொள்கிறார். செய்து முடித்ததும் நான் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். கூரையில் மின்னல் வந்தது. நீங்களும் எதை மாற்றினாலும் இப்படிச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

மணிச் சத்தத்தையும் மாற்றினோம். வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள்தாம். அதனால்தான் பக்கத்தில் பேசுவது கேட்கும். அடுத்த அறையில் குருவி போலக் கூவும் போன் கேட்காது. கனத்த, கீழ் ஸ்தாயி ஒலி ஒன்றைப் பொறுக்கி வைத்தோம். "இது கொஞ்சம் கேட்கிறது" என்றார் மாமியார். 'கேட்கிறது' என்று அவர் சொன்னதைவிட, 'கொஞ்சம்' என்று ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்குச் சந்தோஷம். அடுத்த வாரம் காது டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் போன் வீணாகக் கண் சிமிட்டினால் தாராளமாக அணையுங்கள். வழி மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் அது வீட்டில் இன்னொருவருடைய போனாக இருந்தால், அதுவும் வயதானவருடையதாக இருந்தால், "இந்த வெளிச்சம் உங்களுக்கு வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அணையுங்கள். நான் கேட்டிருந்தால், மூன்று நாள் ஒரு தாயும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கோபித்துக் கொண்டிருக்க மாட்டார்கள்.

நேற்று எனக்கு லீவு. பிற்பகல் மூன்று மணிக்குக் கூரையில் பளிச்சென்றது. மாமியார் ஊஞ்சலிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காப்பிக்குப் பால் வைத்தேன்.