மலையேறிய கதையும் வீடு திரும்பிய கதையும்

பிறநாட்டுப் பிரயாணஞ் செய்து மீண்டவரைக் கண்டால் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதே. "எப்படித் திரும்பி வந்தீர்கள்?" என்று கேட்பவர் மிகச் சிலர். சென்ற சித்திரை விடுமுறையில் நேபாள நாட்டு மலைகளுக்குச் சென்று வந்த எமக்குச் சொல்லத்தக்க கதை அந்த இரண்டாவது கேள்வியிலேதான் இருக்கின்றது.

எமது கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரும் நாமும், அன்னபூர்ணா மலையின் தெற்கு அடிவார முகாமைக் கண்டுவரப் புறப்பட்டோம். யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான பூமி. கோயிற் கோபுரமும் பனைமரமுமே அங்கு உயர்ந்த பொருள்கள். அத்தகைய ஊரிற் பிறந்தவர், 4130 மீற்றர் உயரத்திலுள்ள ஓரிடத்திற்கு நடந்து செல்வது சிறு காரியமன்று. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலே மாணவர் முன்னிலையில் இதனை அறிவித்தோம். கல்லூரிக் கொடியை அங்கே விரித்துப் படம் பிடித்து வருவதாக வாக்கும் கொடுத்தோம். அவ்வாக்கே பின்னர் எம்மைச் சோதித்தது.

மலைவழி

பொக்காரா நகரைவிட்டு நடக்கத் தொடங்கினால், முதலில் வருவன குருங் இனத்தவரின் ஊர்கள். மலைச் சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஊரையும் ஊரையும் இணைக்கும் கற்படிகள். பிரம்புக் கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, முதுகிலே பெருஞ்சுமையுடன் அப்படிகளில் ஏறுவோரைக் கண்டபோது, சிறு பையுடன் மூச்சு வாங்கிய நாம் வெட்கமடைந்தோம். மேலே செல்லச் செல்ல, செந்நிறப் பூக்கள் நிறைந்த றொடொடென்ட்ரன் மரங்கள் காடாய் நின்றன. நேபாளத்தின் தேசிய மலர் அது. எமது நாட்டு ஹோர்ட்டன் சமவெளியிலும் அவ்வினம் உண்டு.

இரண்டாம் நாள் பெருமழை பெய்து ஒரு நாளை வீணாக்கியது. விடுமுறையோ முடியும் தறுவாயில் இருந்தது. இழந்த நாளை ஈடுசெய்ய வேண்டுமென்று அவசரப்படுத்தியவர் நாமே. 3000 மீற்றருக்கு மேலே, உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீற்றருக்கு மேற் கூட்டலாகாது என்பது மலையேறுவோர் விதி. வழிகாட்டி அதனை நினைவூட்டினார். நாம் செவிசாய்க்கவில்லை. ஏறத்தாழ 2300 மீற்றரிலிருந்து புறப்பட்டு, ஒரே பகலில் 3700 மீற்றரிலுள்ள மச்சபுச்சிரே முகாமை அடைந்தோம்.

அந்த இரவு

நிலவொளியில் மச்சபுச்சிரே மலை மீனின் வாலைப்போலப் பிளந்த உச்சியுடன் நின்றது. அதனைப் பார்க்க நண்பரை அழைத்தோம், அவர் வரவில்லை. தலையிடி பொறுக்கமுடியாமற் படுத்திருந்தார். இரண்டு முறை வாந்தியும் எடுத்தார். வழிகாட்டி அவரை எழுப்பி, ஒரு நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்கச் சொன்னார். மதுவுண்டவர்போல் நண்பர் தள்ளாடினார்.

அவ்வளவு உயரத்திலே, கடல்மட்டத்திற் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்களவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். அதற்கு உடலைப் பழக்காமல் விரைந்து ஏறினால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு. தள்ளாட்டம் அதன் அறிகுறி. தாமதியாது கீழே இறங்குவதே தலையாய சிகிச்சை.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூறவேண்டும். நாம் செல்லவிருந்த முகாம் இன்னும் இரண்டு மணி நேர நடைத் தூரத்திலேயே இருந்தது. "இவர் சுமைகாரருடன் இங்கே உறங்கட்டும். விடியற்காலையில் நாம் மட்டும் மேலே போய்ப் படம் எடுத்து வந்தால் என்ன?" என்று வழிகாட்டியைக் கேட்டோம். அவர் சற்று நேரம் எம்மை உற்றுப் பார்த்தார்.

"விடியும்வரை வைத்திருந்தால், காலையில் இவரை எழுப்ப முடியாமற் போகலாம்" என்றார்.

அதன் பின் நாம் பேசவில்லை. ரோர்ச் விளக்குகளுடன் இறங்கத் தொடங்கினோம். சுமைகாரர் ஒருபுறமும் நாம் மறுபுறமுமாக நண்பரைத் தாங்கிக்கொண்டோம். பகல் வெயிலில் இளகிச் சரியும் பனி, இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும். அதனால் அந்நேரம் ஓரளவு நல்லதென வழிகாட்டி தேற்றினார். ஆயினும் எங்கோ ஒரு சிகரத்தில் பனிப்பாறை சரிந்த ஓசை இடிபோல் உருண்டு வந்தபோது எமது கால்கள் நடுங்கின. தேவராலி என்னும் இடத்தை அடைய நான்கு மணி நேரம் சென்றது. அங்கே தலையிடி தணிந்தது. மறுநாள் இன்னும் கீழே இறங்கியதும் நண்பர் சோறும் பருப்பும் கேட்டு உண்டார். அன்னபூரணியின் பெயர் தாங்கிய மலை எமக்குக் காட்டிய பெருங்காட்சி அதுவே.

முன் சென்றோர்

1950ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், பிரான்ஸ் நாட்டினரான மோரிஸ் ஏர்சோக்கும் லூயி லாஷனாலும் 8091 மீற்றர் உயரமுள்ள அன்னபூர்ணாவின் உச்சியை மிதித்தனர். 8000 மீற்றரைத் தாண்டிய சிகரங்களுள் மனிதர் முதன்முதல் ஏறியது அதுவே. இறங்கும் வழியிற் குளிர் அவர்களது கால்விரல்களைக் கொண்டுபோயிற்று. அவர்களைப் பிறர் சுமந்து வந்தனர். 1970இல் தெற்கு முகத்தை வென்ற பிரித்தானியக் குழுவில் ஒருவரான இயன் குளோ, மலையைவிட்டு இறங்கும் வேளையிற் பனிப்பாறை சரிந்து இறந்தார். 1957இல் மச்சபுச்சிரேயில் ஏறியவர்களோ, உச்சிக்கு ஏறத்தாழ 50 மீற்றர் கீழே நின்று திரும்பினர். ஏற்றத்தை மட்டும் எண்ணுபவன் பிரயாணத்தின் பாதியையே எண்ணுகிறான் என்பதற்கு இவை சான்றுகள்.

ஊர் திரும்பிய பின்

ஆனையிறவைத் தாண்டியதும் சித்திரை வெக்கை முகத்தில் அடித்தது. அதுவும் இன்பமாகவே இருந்தது. மூன்றாம் நாள் நண்பரின் மனைவியார் பயற்றம் பணியாரத்துடன் வீட்டுக்கு வந்தார். "இவரைக் கொண்டுவந்து சேர்த்தது நீங்கள்தான், அண்ணை. நாங்கள் சாகுமட்டும் மறக்கமாட்டம்" என்றார்.

அப்பணியாரம் தொண்டையில் இறங்க மறுத்தது. அன்று மாலையே நண்பரிடஞ் சென்று, அவசரப்படுத்தியதையும், வழிகாட்டியிடம் கேட்டதையும் ஒளியாமற் சொன்னோம்.

நண்பர் சிரித்தார். "எனக்குத் தலைதான் சுத்தினது, மாஸ்டர்; காது நல்லாய்க் கேட்டது. இறங்கேக்கை என்ரை கையைப் பிடிச்சிருந்தது ஆரெண்டும் தெரியும்" என்றார்.

கல்லூரி தொடங்கிய நாளன்று, கூட்டத்தில் இக்கதை முழுவதையும் மாணவருக்குக் கூறினோம். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், கொடி எங்கே?" என்று கேட்டான். மடித்தபடியே திரும்பி வந்த கொடியை எடுத்துக் காட்டினோம்.

தூர தேசங்களுக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுதான். செல்லும் நாளைக் குறிக்கும்போதே, திரும்புதற்கு வேண்டிய நாட்களையும் தாராளமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் சொல்லைக் கேளுங்கள். ஊரிலே கொடுத்த வாக்கு, உடன் வருபவரின் உயிரைவிடப் பெரிதன்று. நாம் இருவராய்ச் சென்றோம், இருவராய் மீண்டோம். அந்தக் கணக்குச் சரியாயிருப்பதில் எமக்கு நிறைந்த திருப்தி.