வேளாங்கண்ணி போற வழியில் அரை மணி நேரம் போதுமா? தரங்கம்பாடியில் வேன் நிற்காத இடங்கள்!

தரங்கம்பாடி:
வேன் பிடித்து திருக்கடையூர், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே சுற்றில் முடித்துவிட்டு வரும் குடும்பங்கள் ஏராளம். அறுபதாம் கல்யாண கூட்டம், மகளிர் குழு, பள்ளிக்கூட பஸ் எல்லாத்துக்கும் இதே கடற்கரை ரோடுதான். நடுவில் தரங்கம்பாடி வந்தால் டிரைவர் சொல்வது ஒன்றுதான். "அரை மணி நேரம்தாங்க. கோட்டையை பாத்துட்டு சட்டுனு வந்துடுங்க."

கோட்டை முன்னாடி ஒரு போட்டோ, கடலில் கால் நனைப்பு, ஆளுக்கு ஒரு சுண்டல் பொட்டலம். வேன் கிளம்பிவிடும். காசு செலவழித்து இவ்வளவு தூரம் வந்து, பாதி ஊரை பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை. இத்தனைக்கும் எல்லாமே நடந்து போகிற தூரம்தான். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் தாராளமாக பார்த்துவிடலாம்.

வாசலிலேயே இறங்குங்க

வேனை கோட்டை வரைக்கும் ஓட்டிப் போவதுதான் முதல் தப்பு. ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை அடித்த பெரிய வாசல் ஒன்று நிற்கிறது. 1792-ல் டென்மார்க்காரர்கள் கட்டியது. அப்போது ஊரைச் சுற்றி மதில் சுவர் இருந்தது. இப்போது மதில் இல்லை, வாசல் மட்டும் மிச்சம். இங்கேயே இறங்கி ராஜ வீதியில் நேராக நடந்தால் கடல் வந்துவிடும்.

இந்த வீதியில்தான் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. முதலாவது டேனிஷ்காரர்களுக்காக, இரண்டாவது தமிழ் மக்களுக்காக. இந்த இரண்டாவது ஆலயத்துக்குள்தான் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

யார் இந்த சீகன்பால்கு? ஜெர்மனியில் பிறந்த பாதிரியார். 1706 ஜூலை 9-ந்தேதி இந்த கடற்கரையில் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி தமிழ் கற்றார். அச்சு எந்திரம் வரவழைத்து பைபிளின் புதிய ஏற்பாட்டை தமிழில் அச்சிட்டார். 1715-ல் அந்த வேலை முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். 1719-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

சிலர் 'தமிழில் முதல் புத்தகமே இங்கதான் அச்சாச்சு' என்று அடித்து விடுவார்கள். அது சரியில்லை. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் புத்தகம் அச்சாகிவிட்டது.

கோட்டைக்குள் ஜெயில்

ராஜ வீதி முடிகிற இடத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. வியாபாரத்துக்கு இடம் தேடி வந்த டென்மார்க்காரர்களுக்கு தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் 1620-ல் வாடகை பேசி இடம் கொடுத்தார். மிளகு வாங்கத்தான் அவ்வளவு தூரம் கப்பல் ஏறி வந்தார்கள்.

கோட்டையின் மாடியில் தளபதி வீடு, கீழே சரக்கு கிடங்கு, குதிரை லாயம், ஜெயில். மேலே மட்டும் பார்த்துவிட்டு திரும்பாதீர்கள். கீழே இறங்குங்கள். தமிழ் கற்ற அந்த சீகன்பால்குவையே, உள்ளூர் டேனிஷ் தளபதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாததால், 4 மாதம் இந்த கோட்டையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளிடம் இந்த கதையை சொல்லி அந்த இருட்டு அறைகளை காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

1845-ல் டென்மார்க்காரர்கள் இந்த ஊரையும், வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு கிளம்பினார்கள். அதன் பிறகு துறைமுகம் படுத்துவிட்டது. மயிலாடுதுறையில் இருந்து வந்த ரயிலும் 1986-ல் நின்று போனது.

கடல் தின்ற கோவில்

கோட்டையை விட வயதில் மூத்தது மாசிலாமணிநாதர் கோவில். கரையோரமாகவே கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. டென்மார்க்காரன் வருவதற்கு 300 வருஷத்துக்கு முன்பே இந்த ஊர் துறைமுகமாக இருந்ததற்கு இதுதான் சாட்சி. அப்போது ஊரின் பெயர் சடங்கன்பாடி.

கட்டும்போது கடல் தள்ளி இருந்தது. அலை கொஞ்சம் கொஞ்சமாக கரையை அரித்து, கோவிலின் முன்பகுதியை கொண்டே போய்விட்டது. கருங்கல் கொட்டி தடுத்து, மிச்சத்தை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கோட்டையை பார்க்க வருகிற கூட்டத்தில் பாதி பேர் கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அம்பாளை கும்பிட திருக்கடையூர் வரை வந்தவர்கள், 8 கிலோ மீட்டர் தள்ளி கடல் வாயில் நிற்கிற சிவனை விட்டுவிட்டு போவது வேடிக்கைதான்.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கரையில் கொட்டிய கருங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். தண்ணீருக்குள்ளும் கல் கிடக்கும், அலை இழுத்தால் மோத வேண்டியதுதான். 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமியில் நூற்றுக்கணக்கான உயிர்களை பறிகொடுத்த ஊர் இது. உள்ளூர் மீனவர் 'போகாதீங்க' என்றால் பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'இங்க ஓசோன் காத்து, உடம்புக்கு ரொம்ப நல்லது' என்று சொல்வார்கள். ஓசோன் வானத்தில் மேலே இருக்கும் வரைதான் நல்லது. மூச்சில் போனால் நுரையீரலுக்கு கெடுதல். கடல் காற்று சுகமாக இருக்கிறது, அது போதும்.

கடைசியாக ஒன்று. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கிழமையை பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறில் கூட்டம் நெருக்கித் தள்ளும். காலையிலேயே தரங்கம்பாடியை முடித்துவிட்டால் கல் தரையில் காலும் சுடாது.